டைமிங் பெல்ட் சத்தம் போட்டுச் சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை பிறந்துவிட்டால் செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகும் சாலையில் ராப்பகலாக வண்டி ஓடும். மலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் டயரைப் பார்க்கிறார்கள், பிரேக்கைப் பார்க்கிறார்கள், ஆயில் மாற்றுகிறார்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டால் மட்டும், "சத்தம் ஒண்ணும் வரலையே" என்பதுதான் பதில். அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்'சென்று கத்துவது டைமிங் பெல்ட் அல்ல, ஃபேன் பெல்ட். ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரஸரையும் சுற்றும் அந்தப் பெல்ட் வெளியிலேயே தெரியும். வழுக்கினால் கத்தும். அதன் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்: சத்தம் சட்டென்று அடங்கினால் புல்லி நேர்க்கோட்டில் இல்லை, கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. தெளிக்கும்போது கையும் வேட்டி நுனியும் தள்ளியே இருக்கட்டும். டைமிங் பெல்ட் கவருக்கு உள்ளே, பல்லோடு பல் மாட்டி ஓடுவது. அது வழுக்காது, ஆகையால் கத்தவும் கத்தாது. கடைசி நாள் வரை நல்ல பிள்ளையாக ஓடிவிட்டு, ஒரு வளைவில் அறுந்துபோகும். ஃபேன் பெல்ட்டை மாற்றிவிட்டு "பெல்ட் மாத்தியாச்சு" என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். பில்லை எடுத்து எந்தப் பெல்ட் என்று ஒருதரம் படித்துப் பாருங்கள்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைப் பிசகாமல் வைத்திருப்பது இந்தப் பெல்ட்தான். எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது கிராங்க் நொடிக்கு 50 சுற்று, கேம் 25 சுற்று. அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை பிஸ்டன் வரும் பாதையில் இறங்கி, அது வருவதற்குள் ஏறிவிட வேண்டும். பெல்ட் அறுந்தால் கேம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிஸ்டன் நிற்காது. இறங்கியபடி நிற்கும் வால்வில் மோதி அதை வளைத்துவிடும். பழைய பெட்ரோல் எஞ்சின் சிலவற்றில் இடைவெளி தாராளமாக இருப்பதால் வால்வு தப்பிக்கும். டீசலில் அந்தப் பேச்சுக்கே அநேகமாக இடமில்லை. சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் கம்ப்ரஷன் கூடுதல் என்பதால் பிஸ்டன் தலைக்கும், மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இடம். அப்புறம் ஹெட்டை இறக்க வேண்டும், வால்வு மாற்ற வேண்டும், கைடு பார்க்க வேண்டும், லேத்துக்கு அனுப்ப வேண்டும். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது பல பத்தாயிரத்துக்குப் போய்விடும்.

எல்லா வண்டியிலும் பெல்ட் கிடையாது. மாருதி 800, ஆம்னி, 800 சிசி ஆல்டோ, ஜென், எஸ்டீம், பழைய சான்ட்ரோ, இண்டிகா 1.4 டீசல், குவாலிஸ், பழைய இன்னோவா 2.5 டீசல், லோகன், வெரிட்டோ, டஸ்டர் ஆகியவற்றின் 1.5 டீசல், ஃபிகோ டீசல், போலோ டீசல் எல்லாம் பெல்ட் வண்டிகள். ஸ்விஃப்ட், டிசையரின் 1.3 டீசல், மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல், இன்னோவா கிரிஸ்டா டீசல் ஆகியவை செயின் வண்டிகள். இவற்றுக்கு டைமிங் பெல்ட் மாற்றியதாக யாராவது பில் போட்டால் என்ன மாற்றினார் என்று கேளுங்கள். வண்டியின் பெயரை மட்டும் வைத்தும் முடிவு கட்ட முடியாது. ஐ10-இல் 1.1 எஞ்சினுக்குப் பெல்ட், 1.2-க்குச் செயின். வேகன் ஆர் பழையது பெல்ட், 2010-க்குப் பிறகு வந்த கே10 எஞ்சின் செயின். எகோஸ்போர்ட் 1.0 டர்போ பெட்ரோல் தனி ரகம், அதில் பெல்ட் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. அதற்குச் சொன்ன கிரேடு தவிர வேறு ஆயில் ஊற்றினால் ரப்பர் உதிர்ந்து, கீழே ஆயில் இழுக்கும் சல்லடையை அடைத்துவிடும். அந்த வண்டியில் ஆயில் விளக்கு மின்னினால் ஆயில் குறைந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

எப்போது மாற்றுவது? வண்டியோடு வந்த புத்தகத்தில் கிலோமீட்டரும் வருஷமும் சேர்த்தே போட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. பல வண்டிகளுக்கு இது 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் வரும், சிலவற்றுக்கு அதற்கும் மேல். வருஷக் கெடுவைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. துபாயில் இருப்பவர் ஊரில் ஒரு வண்டி வாங்கி ஷெட்டில் நிறுத்தியிருப்பார். வருஷத்தில் ஒரு மாதம் ஓடும். ஒன்பது வருஷத்தில் மீட்டரில் 28,000 காட்டும், "புது வண்டி மாதிரி" என்பார்கள். ரப்பருக்கு மீட்டர் தெரியாது. ஷெட்டில் நின்றாலும் அது காய்ந்துகொண்டேதான் இருக்கும். நின்ற வண்டியில் எலி வேறு கவருக்குள் புகுந்து கூடு கட்டும்.

மலைச்சாலையில் ஓடுகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். புளியரையிலிருந்து எஸ் வளைவில் ஏறும்போது சிறிய பெட்ரோல் கார் இரண்டாம் கியரில், 30 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் 2,500 ஆர்.பி.எம்.மில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் ஏற இரண்டு நிமிஷம், அதாவது 5,000 சுற்று. அதே கார் தென்காசிக்கு இந்தப் பக்கம் சமவெளியில் ஐந்தாம் கியரில் 80-இல், 2,400 ஆர்.பி.எம்.மில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 45 நொடி, 1,800 சுற்று. மீட்டரில் இரண்டும் ஒரே கிலோமீட்டர், பெல்ட்டுக்கோ ஏறக்குறைய மூன்று மடங்கு வேலை. சோதனைச்சாவடி வரிசையில் ஏசி போட்டபடி ஒரு மணி நேரம் நின்றால், 800 ஆர்.பி.எம். ஐடிலிங்கிலேயே 48,000 சுற்று ஓடிவிடும், மீட்டர் ஒரு புள்ளி நகராது. வாரம் நாலு நாள் கொல்லம் போய்த் திரும்பும் வாடகை வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கெடுவில் கால் பங்கைக் குறைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கால் பங்கு எங்கள் கணிப்பு; கம்பெனி சொன்னதல்ல.

டொயோட்டாவின் சில டீசல் வண்டிகளில் டேஷ்போர்டில் 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கு உண்டு. அது பெல்ட்டை உள்ளே போய்ப் பார்த்து எரிவதில்லை. குறித்த கிலோமீட்டர் வந்ததும் எரியும், அவ்வளவுதான். பெல்ட்டைத் தொடாமலே அந்த விளக்கை அணைத்துவிடவும் முடியும். விற்கப்போகும் வண்டியில் அது எரியாமலிருப்பதால் ஒன்றும் நிரூபணமாகாது.

1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். கொடுக்கல் வாங்கல் இன்றும் அந்தப் பக்கம்தான் பாதி. பழைய வண்டியும் அப்படித்தான் வருகிறது: கே.எல். நம்பரோடு புனலூர், கொட்டாரக்கரை பக்கமிருந்து வாங்கி, இங்கே டி.என். 76-க்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் துருவித்துருவிப் பார்க்கிறார்கள். சர்வீஸ் புத்தகத்தைக் கேட்பதில்லை. மீட்டரைத் திருப்பி வைக்கிற கைங்கரியம் இரண்டு மாநிலத்திலும் நடக்கிறது. பெல்ட் மாற்றியதற்குத் தேதி, கிலோமீட்டர், பார்ட் நம்பரோடு பில் இருந்தால் சரி. "போன வருஷம்தான் மாத்தினேன்" என்ற வாய்வார்த்தை மட்டும் இருந்தால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வண்டி விலையிலேயே அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

இனி கண்ணால் பார்ப்பது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில், சாவி வெளியே. மேல் கவர் பிளாஸ்டிக். பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பானரில் கழலும் இரண்டு மூன்று போல்ட், அல்லது கிளிப். கழற்றினால் பெல்ட்டில் ஒரு சாண் தெரியும். மீதியைப் பார்க்க, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டால் லேசாகச் சுற்றும். கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்றவே கூடாது. பின்பக்கமாகச் சுற்றினால், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்து, பெல்ட் பல் தாண்டிவிடக்கூடும்.

டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பல்லின் அடியைப் பாருங்கள். வெடிப்பு விழுந்தால் முதலில் அங்கேதான், பல் முளைக்கும் மூலையில், தலைமுடி அளவில் விழும். ஓரத்தில் நூல் பிரிந்து தாடி மாதிரி தொங்கினால் புல்லியோ டென்ஷனரோ சாய்ந்திருக்கிறது. அப்போது புதுப் பெல்ட் போட்டாலும் அதுவும் பிரியும். முதுகுப் பக்கம் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பரில் நகம் பதியும். பதியாவிட்டால் காய்ந்து இறுகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். கவருக்குள்ளே கறுப்பு மாவு படிந்திருந்தால் பெல்ட் எங்கேயோ உரசுகிறது. பெல்ட் எண்ணெயில் நனைந்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தால் கேம் சீலோ கிராங்க் சீலோ போய்விட்டது. எண்ணெய் குடித்த ரப்பர் ஊதிப் பல் பிடிப்பு போகும். அதைத் துணியால் துடைத்து மறுபடி ஓட்டுவது வீண். சீலை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவதும் வீண். வாட்டர் சர்வீஸில் எஞ்சினுக்கு டீசலோ மண்ணெண்ணெயோ அடித்துக் கழுவச் சொல்கிறவர்கள், கவர் உடைந்த வண்டியில் அது நேராகப் பெல்ட்டின் மேல்தான் விழுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை, ரோஸ் அல்லது வெள்ளை நிறத்தில் உப்புப் பூத்த கறை தெரிந்தால் வாட்டர் பம்ப் கசிகிறது. டஸ்டர், லோகன் 1.5 டீசல், போலோ டீசல் போன்றவற்றில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பம்ப் பேரிங் இறுகினால், நேற்றுப் போட்ட பெல்ட்டும் பல் உதிர்ந்து போகும். மாருதி 800 போன்றவற்றில் பம்ப் ஃபேன் பெல்ட்டோடு ஓடுவதால் அந்தக் கவலை இல்லை.

இத்தனையும் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இப்போது வரும் பெல்ட்டின் ரப்பர் நல்ல ரகம், கடைசி வரை வெடிக்காமலே இருக்கக்கூடும். சுமையைத் தாங்குவது உள்ளே ஓடும் கண்ணாடி இழை நூல். அது மடங்கி மடங்கி உள்ளேயே இற்றுப்போவது வெளியில் தெரியாது. ஆகவே கண்ணால் பார்ப்பது, கெடுவுக்கு முன்னாலேயே மாற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான். கெடு தாண்டிய பெல்ட்டைப் பார்த்து, "இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

பெல்ட் கத்தாது என்றாலும் கூட இருப்பவை சில சமயம் குரல் கொடுக்கும். முன்பக்கக் கவருக்குள்ளிருந்து 'ங்ங்...' என்று ஒரு ரீங்காரம், ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கினால் டென்ஷனர் பேரிங், அல்லது பெல்ட்டை வழிநடத்தும் சக்கரமான ஐட்லரின் பேரிங். 'சரசர'வென்று உரசினால் பெல்ட் கவரைத் தொடுகிறது. சந்தேகம் இருந்தால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் அது வெளிப்பக்கம், இருந்தால் உள்ளே. ஃபேன் பெல்ட்டில் வாட்டர் பம்ப் ஓடும் வண்டி என்றால் அந்த அரை நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

ஒரு பல் தாண்டிய எஞ்சின் உடனே நின்றுவிடாது. கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது 18 டிகிரி. அந்த அளவு டைமிங் விட்டுப்போனால் பிக்கப் செத்துப்போகும், செல்ஃப் நீளமாக அடித்தால்தான் பிடிக்கும், ஐடிலிங்கில் வண்டி உதறும். டீசல் பம்பையும் இதே பெல்ட் சுற்றும் பழைய டீசலில் புகையும் தட்டுச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். புது வண்டியில் ஸ்கேனர் மாட்டினால் பி 0016 என்ற பிழைக் குறியீடு வரக்கூடும். கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். சென்சார் பழுதென்று அதை அழித்துவிட்டு ஓட்டுவதற்கு முன், மேல் கவரைத் திறந்து புல்லியில் உள்ள டைமிங் குறியைப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஒரு பல் தாண்டியது அடுத்ததையும் தாண்டும்.

ஓட்டத்தில் அறுந்தால் என்ன ஆகும் என்பதை மலையில் ஓட்டுகிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 'டப்' என்று ஒரு சத்தம், சில சமயம் அதுவும் இல்லை, எஞ்சின் நின்றுபோகும். பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் காற்றிழுப்பு இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி, இடது ஓரத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வண்டியை நிறுத்துவதுதான் முதல் வேலை, எஞ்சின் பிறகு. நின்றபின் ஒரே ஒருதரம் செல்ஃப் அடித்தால் போதும். வழக்கமான 'உர்ர் உர்ர்' என்ற திணறல் இல்லாமல் எஞ்சின் 'சர்ர்' என்று லேசாகச் சுற்றினால் கம்ப்ரஷன் இல்லை, பெல்ட் போய்விட்டது என்று கிட்டத்தட்ட நிச்சயம். மறுபடி சாவியைத் தொட வேண்டாம். கோட்டைவாசலிலிருந்து இறக்கம்தானே என்று இரண்டாம் கியரில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் பக்கம் உண்டு. முதல் மோதலில் தப்பித்த வால்வும் அதில் வளைந்துவிடும். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

அறுந்தபின் புதுப் பெல்ட்டை மட்டும் மாட்டி "ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்" என்பதும் கூடாது. பெல்ட்டை மாட்டிக் கையால் சுற்றி, கம்ப்ரஷன் பார்த்துவிட்டுத்தான் மற்றது. ஏதாவது ஒரு சிலிண்டரில் காற்று நிற்கவில்லை என்றால் ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும்.

மாற்றும் வேலையில் என்ன கேட்க வேண்டும்? பெல்ட் மட்டும் போதாது. டென்ஷனர், ஐட்லர் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். பெல்ட்டோடு ஓடும் வாட்டர் பம்பானால் அதுவும், புதுக் கூலன்ட்டும். கேம், கிராங்க் ஆயில் சீலை அப்போதே மாற்றிவிடலாம். சீல் விலை சொற்பம், அதற்காக இன்னொரு தடவை இவ்வளவையும் பிரிப்பதுதான் கூலி. சில வண்டிகளில் கிராங்க் போல்ட் ஒருதரம்தான் முறுக்கலாம், இழுபட்டுவிடும்; அதையும் புதிதாகப் போட வேண்டும். பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பரும் பெல்ட் முதுகில் அச்சிட்ட நம்பரும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். புதுப் பெல்ட்டை மடக்கிச் சட்டைப் பையில் திணிப்பது, உட்புறம் வெளியாகத் திருப்பிப் பார்ப்பது எல்லாம் உள்ளிருக்கும் நூலை உடைக்கும்.

பழைய பெல்ட்டிலும் புல்லியிலும் வெள்ளைப் பெயின்ட்டால் குறி போட்டு, அதைப் பார்த்துப் புதிதை மாட்டுவது பல இடத்தில் வழக்கம். கைக்கு உதவிதான், ஆனால் பழையது ஏற்கெனவே ஒரு பல் தாண்டியிருந்தால் அந்தத் தப்பையே நகல் எடுத்ததாகும். முதல் சிலிண்டரின் பிஸ்டனை டாப் சென்டரில், அதாவது உச்சியில் நிறுத்தி, கம்பெனி கொடுத்த குறிகள் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். டஸ்டர், போலோ டீசல்களுக்குக் கிராங்க்கையும் கேமையும் அசையாமல் பூட்டும் 'பின்' (ஆணி போன்ற கருவி) உண்டு. அது இல்லாத இடத்தில் அந்த வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். மாட்டி, டென்ஷனரின் முள்ளை அதற்குரிய குறிக்கு நேரே வைத்து இறுக்கியபின், கிராங்க்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றிக் குறிகளை மறுபடி பார்க்க வேண்டும். சுற்றும்போது எங்கேயாவது முட்டினால் நிறுத்த வேண்டும், பலம் காட்டக்கூடாது. பெல்ட்டை இரு விரலால் முறுக்கினால் கால் சுற்றுத் திரும்பணும் என்ற பழைய அளவு கையால் இறுக்கும் டென்ஷனருக்குத்தான். தானாக இழுத்துக்கொள்ளும் டென்ஷனரில் அந்த அளவைப் போட்டால் தப்பாகிவிடும். கூடுதலாக இறுக்கினால் பேரிங் ஊளையிடும், குறைந்தால் பல் தாண்டும். இந்த இரண்டு சுற்று முடியும்வரை வண்டிக்காரர் பக்கத்தில் நின்று பார்ப்பதில் எந்த மெக்கானிக்கும் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

கவரைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். "அது எதுக்கு, காத்தோட்டமா இருக்கட்டும்" என்று மூலையில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சின்னச் சரளைக்கல் பல்லுக்கும் புல்லிக்கும் நடுவே போனால் போதும். கவரின் மேல் தேதி, கிலோமீட்டர், அடுத்த கெடு மூன்றையும் எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வண்டியை நாளைக்கு விற்றாலும் வாங்குகிறவருக்கு உதவும். கழற்றிய பழைய பெல்ட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், மாற்றியதற்கு அதுவே அத்தாட்சி. அவசரத்துக்கு ஆகுமென்று டிக்கியில் போட்டுவைக்க வேண்டாம். ஒருதரம் ஓடிய பெல்ட் மறுபடி எஞ்சினுக்கு ஆகாது, கோழிக்கூட்டுக் கதவு கட்ட ஆகும்.

இப்படிக்கு,
கார் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் சிலர்,
செங்கோட்டை